நிறுவலுக்கு முன் குளிர்நீர் இயந்திரம்: பெறுதல், பரிசோதனை, சேமிப்பு

குளிர்நீர் இயந்திரம் அல்லது சில்லர் என்பது மருத்துவமனை, வணிக வளாகம், தரவு மையம், மருந்துத் தொழிற்சாலை போன்ற பெரிய கட்டடங்களுக்குத் தேவையான குளிர்ந்த நீரை உருவாக்கித் தரும் இயந்திரம் ஆகும். பொதுவாக 12 °செ அளவில் திரும்பி வரும் நீரை 7 °செ அளவுக்குக் குளிர்வித்து, குழாய்கள் வழியாகக் கட்டடம் முழுவதும் அனுப்புகிறது. அமுக்கி (கம்ப்ரசர்), ஆவியாக்கி, ஒடுக்கி (கண்டென்சர்), கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்டு, தொழிற்சாலையிலேயே சோதிக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன.

தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் நாளுக்கும் முதன்முதலில் இயக்கப்படும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கட்டடப் பணி தாமதமாவதே இதற்கு வழக்கமான காரணம். இயந்திர அறைக்குக் கூரை வந்திருக்காது, அல்லது மின் இணைப்பு கிடைத்திருக்காது. இந்த இடைக்காலத்தில் ஏற்படும் சேதம் பெரும்பாலும் உடனே வெளியில் தெரிவதில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் மோட்டார் சுருள் எரியும்போதோ ஆவியாக்கிக் குழாய் கசியும்போதோதான் தெரியவரும். அப்போது யார் பொறுப்பு என்பதை நிறுவ, இயந்திரம் இறங்கிய அன்று எழுதிய குறிப்புகளைத் தவிர வேறு ஆதாரம் அநேகமாக இருக்காது.

எடையும் "டன்"னும்

இத்துறையில் டன் என்ற சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. குளிரூட்டும் திறனைக் குறிக்கும் டன், ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்ப அளவிலிருந்து வந்தது. அது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது 3.517 கிலோவாட். இதற்கும் இயந்திரத்தின் எடைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. "300 டன் மெஷின் வருகிறது" என்று கிரேன் வாடகைக்கு விடுபவரிடம் சொன்னால் அவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அந்தத் திறனுள்ள நீர்வழி ஒடுக்கி கொண்ட இயந்திரம் சில ஆயிரம் கிலோ எடைதான் இருக்கும். 1,000 டன் திறனுள்ள மையவிலக்கு வகை இயந்திரங்கள் பதினைந்து, இருபது டன் எடையை எட்டுகின்றன.

எடையிலும் இரண்டு உண்டு. அனுப்பும் எடை என்பது லாரியில் வரும்போது உள்ள எடை. இயங்கும் எடை என்பது நீரும் குளிர்பதனப் பொருளும் நிரம்பிய பிறகு உள்ளது. கிரேனுக்கும் இயந்திரத்தை நகர்த்திச் செல்லும் வழிக்கும் முதலாவது வேண்டும். அடித்தளத்துக்கும் தளத்தின் தாங்குதிறனுக்கும் இரண்டாவது வேண்டும். இரண்டும் உற்பத்தியாளர் தரும் வரைபடத்தில் ஈர்ப்பு மையத்தின் இடத்தோடு குறிக்கப்பட்டிருக்கும். வரைபடம் இயந்திரத்துக்கு முன்பே பணியிடத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். பல இடங்களில் அது இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, இறக்கி முடித்த பிறகே கையில் கிடைக்கிறது.

லாரி வந்தவுடன்

பெருநகரங்களில் கனரக வாகனங்களுக்குப் பகல்நேரக் கட்டுப்பாடு இருப்பதால் இத்தகைய சரக்குகள் பெரும்பாலும் இரவிலேயே வந்து சேர்கின்றன. ஓட்டுநருக்குத் திரும்பும் அவசரம், பணியிடத்தில் காவலாளி மட்டும் இருப்பார். இந்த நிலையில் லாரி ரசீதில் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்வதே பின்னாளில் வரும் பெரும்பாலான தகராறுகளின் தொடக்கம். "நல்ல நிலையில் பெறப்பட்டது" என்ற வரியின் கீழ் இடப்படும் கையொப்பம் ஏறக்குறைய உரிமைத் துறப்பாகவே கொள்ளப்படும். வெளிச்சம் வரும் வரை லாரியை நிறுத்திவைத்து, அதற்கான காத்திருப்புக் கட்டணத்தைக் கொடுப்பது எப்போதும் மலிவானது.

பரிசோதனை இயந்திரம் வண்டியில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். இறக்கிய பிறகு காணப்படும் பள்ளம் பயணத்தில் விழுந்ததா, கிரேன் இடித்ததா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதலில் நான்கு பக்கமும் மேற்புறமும் தெரியுமாறு படம் எடுக்கப்படுகிறது. வண்டியின் எண், கட்டியிருக்கும் சங்கிலிகள், தார்ப்பாயின் கிழிசல் ஆகியவையும் படத்தில் வர வேண்டும். பிறகு பெயர்ப்பலகையில் உள்ள மாதிரி எண், வரிசை எண், மின்னழுத்தம், குளிர்பதனப் பொருளின் வகையும் அளவும் கொள்முதல் ஆணையோடு ஒப்பிடப்படுகின்றன. ஒரே கட்டடத்துக்கு மூன்று இயந்திரங்கள் வரும்போது இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஆவியாக்கியின் நீர்க்குழாய் இணைப்பு ஒன்றில் இடப்புறமும் மற்றொன்றில் வலப்புறமும் இருக்கலாம். மாற்றி இறக்கினால் திருப்ப இடமிருக்காது.

பல உற்பத்தியாளர்கள் சட்டத்தின் மேல் அதிர்வுகாட்டி, சாய்வுகாட்டி ஒட்டுகளைப் பொருத்துகின்றனர். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அதிர்ந்தாலோ சாய்ந்தாலோ இவற்றின் நிறம் சிவப்பாக மாறும். சிவப்பு என்றால் இயந்திரம் சேதமடைந்துவிட்டது என்று பொருளல்ல, கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். ஆகவே அதை மட்டும் காரணம் காட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்புவது தேவையற்றது. ஒட்டின் நிறத்தை ரசீதில் எழுதி, ஓட்டுநரின் கையொப்பம் பெற்று, பரிசோதனையைத் தொடர்வதே முறை.

அதிகம் அடிபடும் இடங்கள் துருத்திக்கொண்டிருக்கும் சிறு பாகங்கள். பாதுகாப்பு வால்வு, எண்ணெய்க் குழாய், உணரிகளின் நுண்குழாய்கள், கட்டுப்பாட்டுத் திரை, குழாய் முனைகளின் மூடிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெயிண்ட் உதிர்ந்த இடத்தைவிட எண்ணெய்க் கசிவுத் தடம் கவலைக்குரியது. குளிர்பதனப் பொருள் வெளியேறும்போது எண்ணெயையும் உடன் கொண்டுவரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். காற்றுவழி ஒடுக்கி கொண்ட இயந்திரங்களில் அலுமினியத் தகடுகள் மிக மெல்லியவை. மடங்கியவற்றைச் சீப்பு போன்ற கருவியால் நிமிர்த்தலாம், ஆனால் குழாய்வரை நசுங்கியதை அப்படிச் சரிசெய்ய முடியாது.

குறைகளை ரசீதில் எழுதும்போது சொற்கள் குறிப்பாக இருக்க வேண்டும். "சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பெறப்பட்டது" என்ற பொதுவான வாசகம் இழப்பீடு கோரும்போது பெரிதாக உதவுவதில்லை. "ஒடுக்கியின் வலப்புற மூடியில் 20 செ.மீ. பள்ளம், பாதுகாப்பு வால்வின் வெளியேற்றக் குழாய் வளைந்துள்ளது" என்பது உதவும்.

மறைந்த சேதமும் காப்பீடும்

பெட்டிக்குள்ளும் உறைக்குள்ளும் இருக்கும் சேதம் பின்னால்தான் தெரியவரும். அதை அறிவிக்கக் காலக்கெடு உண்டு, அது போக்குவரத்தின் வகையைப் பொறுத்து மாறும். கடல்வழிச் சரக்குக்கு 1924 ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், வெளிப்படையாகத் தெரியாத சேதத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கச் சொல்கின்றன. வழக்குத் தொடுக்க ஓராண்டு கெடு. இந்தியாவில் சாலைவழிச் சரக்குக்கு 2007 ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பொருந்தும். சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் பொதுச் சரக்கு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர முடியாது. கணக்கு பதிவான நாளிலிருந்து தொடங்குகிறது, பெற்றுக்கொண்ட நாளிலிருந்து அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கோ உடனடியாகத் தெரிவித்து, மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை உறைகளையும் உடைந்த பாகங்களையும் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உள்ளது. பயணக் காப்பீடு பொதுவாகச் சரக்கு இறுதி இடத்தில் இறக்கப்பட்டவுடன் முடிந்துவிடும். அதன் பிறகு சேமிப்பு மற்றும் நிறுவல் காப்பீடு பொறுப்பேற்கும். பெட்டியைத் திறக்காமலேயே ஆறு மாதம் வைத்திருந்து, பிறகு திறக்கும்போது உடைந்த பாகம் தெரிந்தால் எந்தக் காப்பீடு இழப்பீடு தரும்? இதற்காகவே பெரிய திட்டங்களின் ஒப்பந்தங்களில் ஐம்பதுக்கு ஐம்பது என்ற விதி சேர்க்கப்படுகிறது. சேதம் எப்போது நேர்ந்தது என்று நிறுவ முடியாதபோது இரு காப்பீட்டாளர்களும் பாதிப்பாதி ஏற்பர். அந்த விதி இல்லாத இடத்தில் இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டும். வந்த வாரத்திலேயே பெட்டிகளைத் திறந்து பார்த்து, மீண்டும் மூடி முத்திரையிட்டுவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

இறக்குதல்

கம்பிவடமோ பெல்ட்டோ உற்பத்தியாளர் குறித்த தூக்கும் துளைகளில் மட்டுமே மாட்டப்பட வேண்டும். குழாய்களைச் சுற்றியோ, அமுக்கியில் உள்ள கொக்கியிலோ மாட்டித் தூக்கக் கூடாது. அமுக்கியின் மேலுள்ள கொக்கி அமுக்கியை மட்டும் கழற்றித் தூக்குவதற்கானது. இதை அறியாமல் முழு இயந்திரத்தையும் அதில் தூக்க முயல்வது உயிருக்கு ஆபத்தானது.

பெல்ட்டின் கோணம் முக்கியமானது. 8,000 கிலோ இயந்திரத்தை இரண்டு பெல்ட்டுகளால் தூக்கும்போது, அவை கிடைமட்டத்துக்கு 60 பாகைச் சாய்வில் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 4,600 கிலோ இழுவிசை விழும். 45 பாகையில் அது 5,650 ஆகும். 30 பாகையில் ஒவ்வொரு பெல்ட்டும் முழு 8,000 கிலோவையும் தாங்க வேண்டியிருக்கும். சாய்ந்த பெல்ட் இயந்திரத்தின் பக்கங்களையும் உள்நோக்கி நெருக்கும், கட்டுப்பாட்டுப் பெட்டி நசுங்குவது இப்படித்தான். இதைத் தவிர்க்கவே ஸ்ப்ரெடர் எனப்படும் குறுக்கு உத்திரம் பயன்படுகிறது. உத்திரத்துக்குக் கீழே பெல்ட்டுகள் நேர்செங்குத்தாகத் தொங்கும்.

அமுக்கியும் மின்பெட்டியும் ஒரு பக்கமாக இருப்பதால் ஈர்ப்பு மையம் நடுவில் இருப்பதில்லை. ஆகவே இரண்டடி உயரம் மட்டும் தூக்கி நிறுத்தி, மட்டமாக உள்ளதா என்று பார்த்து, தேவையானால் இறக்கி பெல்ட்டின் நீளத்தை மாற்றி மீண்டும் தூக்குகின்றனர். அனுபவமுள்ள கிரேன் குழுக்கள் இந்தச் சோதனைத் தூக்கலை ஒருபோதும் விடுவதில்லை. தரையில் நகர்த்த வேண்டுமானால் உருளைகளின் மேல் வைத்துச் சட்டத்தைத்தான் தள்ள வேண்டும். கடப்பாரையைக் குழாய்த் தட்டில் கொடுத்து நெம்புவது கூடாது.

அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் பயணத்தில் அசையாதிருக்கச் சில இயந்திரங்களில் தற்காலிகப் போல்ட்டுகளோ தாங்கிகளோ இருக்கும். இவை இயந்திரம் இறுதி இடத்தில் அமரும் வரை அப்படியே இருக்க வேண்டும், அமர்ந்த பின் மறக்காமல் அகற்றப்பட வேண்டும். பயணத்தாங்கியை அகற்றாமல் ஓடவிட்ட இயந்திரத்தின் அதிர்வு அப்படியே கட்டடத்துக்குள் இறங்கும்.

உள்ளழுத்தம்

இயந்திரம் இரண்டு நிலைகளில் ஒன்றில் வந்து சேர்கிறது. ஒன்று, குளிர்பதனப் பொருள் முழுவதும் நிரப்பப்பட்ட நிலை. பணியிடத்தில் "கேஸோடு வந்திருக்கிறது" என்பார்கள். மற்றொன்று, உலர்ந்த நைட்ரஜன் மட்டும் சிறிய அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நிலை. இந்த நைட்ரஜனுக்கு இரண்டு வேலை: ஈரக்காற்று உள்ளே வராமல் தடுப்பது, கசிவு இருந்தால் அழுத்தம் குறைந்து அதைக் காட்டிக்கொடுப்பது.

நைட்ரஜன் அழுத்தம் மாதிரிக்கு மாதிரி மாறும். 15 பி.எஸ்.ஐ. என்பது பரவலாகக் காணப்படும் அளவுகளில் ஒன்று. இதை அளக்கும்போது வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். பிற்பகல் 35 °செ வெப்பத்தில் 15 பி.எஸ்.ஐ. காட்டிய இயந்திரம், கசிவே இல்லாவிட்டாலும் 20 °செ உள்ள விடியற்காலையில் 13.5 பி.எஸ்.ஐ. அளவே காட்டும். வெப்பநிலையைக் குறிக்காத பதிவேட்டைப் பார்த்துக் கசிவு என்று பதறுவதும், உண்மையான கசிவை "குளிரில் குறைந்திருக்கும்" என்று விட்டுவிடுவதும் நடக்கின்றன.

அழுத்தமானி சுழியைக் காட்டினால் நைட்ரஜன் முழுவதும் போய்விட்டது, ஈரக்காற்று உள்ளே நுழைந்திருக்கலாம் என்று பொருள். உடனே உற்பத்தியாளருக்கும் காப்பீட்டாளருக்கும் தெரிவிக்க வேண்டும். பிறகு உலர் நைட்ரஜனால் அழுத்தமேற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டறிந்து சரிசெய்வர். இதற்கு ஆக்சிஜன் உருளையை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன் எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜனுக்கும் ஓர் ஆபத்து உண்டு. அதற்கு நிறமும் மணமும் இல்லை. காற்றோட்டமற்ற அடித்தள அறையில் அதை வெளியேற்றினால் அங்கிருப்பவர் முன்னறிகுறி ஏதுமின்றி மயங்கி விழுவார்.

ஈரம் ஏன் இவ்வளவு அஞ்சப்படுகிறது? ஆர்-134ஏ போன்ற குளிர்பதனப் பொருட்களுடன் பயன்படும் பாலியோல் எஸ்டர் எண்ணெய், காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சக்கூடியது. நீருடன் சேர்ந்து அது சிதைந்து அமிலமாகும். அந்த அமிலம் மோட்டார் சுருளின் காப்புப் பூச்சைத் தாக்கும், குழாய்களிலுள்ள தாமிரத்தைக் கரைத்துக் கொண்டுபோய்த் தாங்கிகளில் படியவைக்கும். சேமிப்பில் நுழைந்த ஈரம், இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் தன் வேலையைக் காட்டும்.

குளிர்பதனப் பொருள் நிரம்பிய இயந்திரத்தில் கணக்கு வேறு. உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்திருப்பதால் அழுத்தத்தை வெப்பநிலையே நிர்ணயிக்கிறது. ஆர்-134ஏ உள்ள இயந்திரம் 30 °செ வெப்பத்தில் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். ஆனால் இதை நம்பி ஏமாறக் கூடாது. பாதி அளவு கசிந்து போயிருந்தாலும், சிறிது திரவம் எஞ்சியிருக்கும் வரை மானி அதே 97ஐத்தான் காட்டும். அழுத்தம் சரியாக இருப்பது திரவம் முழுவதும் தீரவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. எனவே மின்னணுக் கசிவுகாட்டியால் இணைப்புகளைச் சோதிப்பதைத் தவிர்க்க முடியாது. இது பணத்தோடு முடியும் விஷயமுமல்ல. ஆர்-134ஏயின் புவி வெப்பமாக்கல் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு. 200 கிலோ கசிந்தால் 286 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியானதற்குச் சமம்.

சேமிப்பு

கூரையும் காற்றோட்டமும் உள்ள, நீர் தேங்காத, வண்டிகள் போய்வராத இடம் சிறந்தது. சட்டம் முழு நீளத்துக்கும் மட்டமாக அமருமாறு மரக்கட்டைகள் அடுக்கி, தரையிலிருந்து உயர்த்தி வைக்கப்படுகிறது. கட்டடத்தின் அடித்தளம் நிழலாக இருப்பதால் பலரும் அங்கேயே கொண்டுபோய் வைக்கின்றனர். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் சென்னை போன்ற கடலோர நகரில் இது தவறான முடிவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அடித்தளங்கள் நீரில் மூழ்கின. பாதி கட்டிய கட்டடத்தில் நீரேற்றும் பம்புகூட இருக்காது. நீரில் மூழ்கிய மின்பெட்டியையும் மோட்டாரையும் உலர்த்தினாலும் பழைய நம்பகத்தன்மை திரும்புவது அரிது.

வெட்டவெளியில் வைக்க நேர்ந்தால் தார்ப்பாய் போர்த்துவர். அதை இறுக்கிக் கட்டி நான்கு பக்கமும் அடைப்பது பாதுகாப்பு போலத் தோன்றினாலும் இரு வகையில் கெடுதி. இரவில் உள்ளே நீர் வியர்த்துச் சொட்டும். பகலில் கரும்போர்வைக்குள் வெப்பம் ஏறும். ஆர்-134ஏயின் அழுத்தம் 50 °செ வெப்பத்தில் சுமார் 177 பி.எஸ்.ஐ., 60 °செ வெப்பத்தில் சுமார் 229 பி.எஸ்.ஐ. சில இயந்திரங்களின் பாதுகாப்பு வால்வு 200 பி.எஸ்.ஐ. அளவிலேயே திறந்துவிடும். ஆகவே போர்வை வெளிர்நிறமாகவும், கீழ்ப்புறம் திறந்தும், இயந்திரத்தைத் தொடாமல் சட்டத்தின் மேல் கட்டப்பட்டும் இருக்க வேண்டும்.

கட்டுமானத் தூசியும் இதே அளவு தீங்கானது. சிமெண்டுத் தூசி ஈரத்துடன் சேர்ந்தால் காரத்தன்மை பெற்று அலுமினியத்தை அரிக்கும். அருகில் வெல்டிங் நடந்தால் தீப்பொறி, குளிர்நீர்க் குழாய்களுக்கான நுரை உறைகளிலும் குளிர்விப்புக் கோபுரத்தின் நெகிழித் தகடுகளிலும் பற்றிக்கொள்ளும். இவை எளிதில் எரிபவை என்பதால் இயந்திரத்திலிருந்து தள்ளித் தனியாக வைப்பது நல்லது.

நீர்ப்பக்கக் குழாய்களை நீர் ஊற்றிச் சோதித்திருந்தால் வடித்து உலர்த்தி மூட வேண்டும். தேங்கிய நீர் குளிர்நாடுகளில் உறைந்து குழாயை வெடிக்கச் செய்யும். வெப்ப நாடுகளில் அந்தப் பயம் இல்லை, ஆனால் தேங்கிய நீரில் பெருகும் நுண்ணுயிரிகளால் குழாயில் ஊசிமுனைத் துளைகள் விழலாம். நீர்முனைகளைத் திறந்து போட்டால் எலி, குளவி, சிமெண்டுப் பை என எதுவும் உள்ளே போகும்.

மின்பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பைகள் வைத்து அவ்வப்போது மாற்றப்படுகின்றன. பெட்டிக்குள் சூடேற்றி இருந்தால் அதற்கு மட்டும் தற்காலிக மின்சாரம் கொடுப்பது இன்னும் நல்லது. கம்பி நுழையும் துளைகளை எலி புகாதபடி அடைக்க வேண்டும். வேகக்கட்டுப்பாட்டு மின்சாதனம் ஓராண்டுக்கு மேல் மின்சாரமின்றிக் கிடந்தால் அதிலுள்ள மின்தேக்கிகள் வலுவிழக்கும். அப்போது நேரடியாக முழு மின்னழுத்தம் கொடுக்காமல், உற்பத்தியாளர் சொல்லும் முறையில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

குளிர்பதன அழுத்தத்தைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அளந்து, நாள், நேரம், வெப்பநிலையுடன் பதிவு செய்வது வழக்கம். வெளிமோட்டார் வகை அமுக்கி, பம்பு ஆகியவற்றின் தண்டை மாதம் ஒருமுறை கையால் சுற்றி, முன்பு நின்ற இடத்தில் நிற்காதபடி விட வேண்டும். ஒரே இடத்தில் நீண்ட நாள் அழுந்தி நிற்கும் தாங்கிகளில் வடு விழும். மோட்டார் உள்ளேயே மூடப்பட்ட வகைகளில் இதைச் செய்ய வழியில்லை.

உதிரிப் பெட்டிகள்

இயந்திரத்துடன் நீரோட்ட உணரி, அதிர்வுத் தாங்கிகள், குழாய் இணைப்பான்கள், எண்ணெய் டப்பாக்கள் எனச் சிறு பெட்டிகள் தனியாக வரும். பேக்கிங் லிஸ்ட்டை வைத்து எண்ணிப் பார்த்து, பூட்டிய அறையில், இயந்திரத்தின் வரிசை எண்ணை எழுதி வைக்க வேண்டும். கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் பத்திரமாக இருக்க, கையளவு நீரோட்ட உணரி காணாமல் போனதால் இயக்கம் தள்ளிப்போவது இத்துறையினர் அனைவரும் அறிந்த கதை. எண்ணெய் டப்பாவைத் திறந்து பார்த்து மூடிவைப்பதும் கூடாது. திறந்த எண்ணெய் ஈரம் குடித்த எண்ணெய்.

சேமிப்பிலிருந்து எடுக்கும்போது

இயந்திரத்தை அடித்தளத்துக்கு நகர்த்தும் முன் அழுத்தம் மீண்டும் அளக்கப்பட்டு, கடைசிப் பதிவுடன் ஒப்பிடப்படுகிறது. இரண்டாம் முறை படங்கள் எடுக்கப்பட்டு முதல் நாள் படங்களுடன் சேர்த்து வைக்கப்படுகின்றன. மோட்டார் சுருளின் மின்காப்பு மெகர் கருவியால் சோதிக்கப்படுகிறது. அப்போது வேகக்கட்டுப்பாட்டுச் சாதனத்தின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், இல்லையெனில் அதன் மின்னணுப் பாகங்கள் எரிந்துவிடும். இயந்திரத்தின் உட்பகுதி வெற்றிடத்தில் இருக்கும்போது இந்தச் சோதனை செய்யவே கூடாது. குறைந்த அழுத்தத்தில் மின்பொறி எளிதில் பாய்ந்து, நல்ல சுருளையே கெடுத்துவிடும். நைட்ரஜனுடன் வந்த இயந்திரத்தில் நைட்ரஜனை வெளியேற்றி வெற்றிடமாக்கும் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. வழக்கமாக 500 மைக்ரான் அளவுக்குக் கீழ் இறக்கி, பம்பை நிறுத்தி, அந்த அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே குளிர்பதனப் பொருள் நிரப்பப்படுகிறது.